மேல்தாள், கீழ்த்தாள்

நான்காவது தடவையும் முனீஸ்வரியின் மேல்தாள் போனை எடுக்கவில்லை.

"மணி அடிக்குது. எடுக்க மாட்டேங்கிறாரு," என்று கத்தினாள். கலைப்பூட்டியின் இரைச்சலில் கத்தினால்தான் அடுத்த ஆளுக்குக் கேட்கும்.

"ரெண்டு கையிலயும் மோதிரம் போட்ட மனுசன்டி. எந்தக் கையால எடுக்கன்னு யோசிச்சுக்கிட்டிருப்பாரு," என்றாள், இயந்திரத்துக்குத் தாள் போடும் நாலாம் நம்பர் ஊட்டியில் நின்ற ரோஸ்லின்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த மோதிரக்காரர் வந்து நிக்கலைன்னா எனக்கு வேலை போச்சு. உனக்குச் சிரிப்பா இருக்கு."

சாத்தூருக்கு மேற்கே, கரிசல் காட்டின் நடுவில், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடந்தது அந்தச் சான்றச்சாலை. பிறப்பு, பட்டம், பத்திரம், கல்யாணம் என்று மாநிலம் முழுவதற்குமான சான்றிதழ்கள் அங்கேதான் அச்சாயின. பொய்யாக்கிகள் வந்த பிறகு திரையில் தெரியும் எதையும் எவரும் நம்புவதில்லை. கையெழுத்தா, முகமா, குரலா, அரசு முத்திரையா, எதைக் கேட்டாலும் அரை நொடியில் செய்து தரும் கருவி எல்லார் சட்டைப்பையிலும் இருந்தது. ஒரே வருடத்தில் மாநிலத்தில் இருபது லட்சம் டாக்டர்கள் முளைத்தார்கள். அவர்களில் ஒருவர் மந்திரிக்கே ஊசி போட்டுவிட்ட பிறகுதான் அரசாங்கம் தாளுக்குத் திரும்பியது.

வெறும் தாளுக்கு இல்லை. ஈரம் காயாத அச்சுத்தாள்களை அடுக்கி வைத்தால், கீழே இருக்கும் தாளின் மை மேலே இருக்கும் தாளின் முதுகில் லேசாக ஒட்டும். அந்தக் காலத்து அச்சகக்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. ஒட்டாமலிருக்க மாவுப்பொடி தூவுவார்கள். அந்தத் தலைவலியையே காவலுக்கு வைத்தார்கள் புது விஞ்ஞானிகள். அழுத்தினால் மட்டும் ஒட்டும் மை. அதில் கோடிக்கணக்கான நுண்மணிகள். ஐந்நூறு தாளை ஒரே அடுக்காக்கி நாற்பது நிமிடம் அழுத்தி வைத்தால், ஒவ்வொரு தாளிலிருந்தும் கொஞ்சம் மணி உதிர்ந்து மேலே உள்ள தாளின் முதுகில் ஏறிக்கொள்ளும். எது ஏறும், எது நிற்கும் என்பது செய்தவனுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கறைக்குப் படிநிழல் என்று பெயர். இரண்டு தாளையும் சேர்த்து நிழல்காணிக்குள் வைத்தால் பொருந்திப் பச்சை விளக்கு எரியும். தன் தாளை ஒருவன் போலியாகச் செய்யலாம். மிச்சப் பாதி வேறெங்கோ, வேறொருவர் வீட்டு பீரோவில் அல்லவா இருக்கிறது?

ஆக, படித்திருக்கிறேன் என்று காட்ட இனி ஓர் ஆள் வேண்டும். அடுக்கில் உனக்கு மேலே இருந்தவரோ கீழே இருந்தவரோ, இருவரில் ஒருவர், தன் தாளோடு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குச் சம்பளத்தோடு தாள் விடுப்பு உண்டு. பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. இன்று நான் வந்தால்தான் நாளை நீ வருவாய் என்பதால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். கூடலூரில் தேயிலை கிள்ளும் அம்மாவும் தொண்டியில் மீன் ஏலம் விடுகிறவரும் முன்பின் பார்க்காமலே போனில் காய்ச்சல், தலைவலி விசாரித்துக்கொண்டார்கள். மேல்தாள் வீட்டுக் காதுகுத்துக்குக் கீழ்த்தாள் தட்டு எடுத்துப் போவது வழக்கமாகிவிட்டது.

யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைக் காற்று முடிவு செய்தது. கணினி போட்ட வரிசையை இன்னொரு கணினி கண்டுபிடித்துவிடும், காற்றை எதுவும் கண்டுபிடிக்காது. தாலுகா வாரியாக அச்சாகி வரும் தாள்களைக் கலைப்பூட்டியின் உறிஞ்சுகுழல்கள் ஒவ்வொன்றாகக் கவ்வித் தூக்கி ஓடுபட்டையில் விடும். பட்டை முடியும் இடத்தில் ஆளுயரக் கண்ணாடி உருளை. உள்ளே காற்று சுழன்று அடிக்கும். கலெக்டர் மகனும் கக்கூஸ் கழுவுகிறவர் மகளும் அதில் ஒரே மாதிரிதான் பறப்பார்கள். பறந்து விழுந்ததைக் குலுக்குமேடை தட்டி ஓரம் சேர்க்கும். புரட்டி ஒரு தடவை அடுக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தூசியை உதிர்க்கும். கடைசியில் அழுத்திக்குள் போகும்.

முனீஸ்வரியின் பொறியியல் பட்டத்தைக் காற்று கொண்டுபோய் அடுக்கின் அடியில் போட்டிருந்தது. கடைத்தாள். அவளுக்குக் கீழே யாரும் இல்லை, வெறும் அட்டைதான். ஐந்நூறு பேரில் ஒருத்திக்கு வாய்க்கும் அந்த இடம் தனக்கு வாய்த்ததில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். அப்பா லாரிப்பேட்டையில் மூட்டை தூக்கினார். குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் அவள். 'படிச்சா மேல வந்துரலாம்னு எல்லாரும் சொன்னாக. படிச்சேன். பட்டத்தையே அடியில போட்டுட்டாக' என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

கடைத்தாளுக்கு ஒரே ஒரு சாட்சிதான். அவளுக்கு மேலே இருந்தவர் சோலைமலை. நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் பி.காம். முடித்தவர். பழைய பட்டங்களையும் மறு அச்சுப் போட்டபோது அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தவர். ஏழூர்ச் சொந்தங்கள் சங்கத்தின் தலைவர்.

மூன்று வருடம் ஒப்பந்தக் கூலியாக ஊட்டிக்குத் தாள் போட்டவளுக்கு இப்போது ஊட்டிப் பொறுப்பாளர் வேலை வந்திருந்தது. நிரந்தர வேலை. உத்தரவில் கையெழுத்துகூட ஆகிவிட்டது. பட்டத்தைச் சரிபார்ப்பது மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சோலைமலை தானாகவே சான்றச்சாலைக்கு வந்தார். முனீஸ்வரிக்காக இல்லை.

தாளறி அலுவலர் பூமிநாதன் அவரை ஊட்டிக் கூடத்துக்கே அழைத்து வந்தார். "முனீஸ், வியாழக்கிழமை உன் ஊட்டியில ஒரு சிறப்பு வேலை. நாளைக்குப் பழைய தாள் ஒப்படைப்பு. சொந்த அடுக்கு. நேர்வாய் வழியா விடணும்."

கலைப்பூட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு நேர்வாய் உண்டு. சிவப்புப் பிடியை இழுத்தால் தாள்கள் காற்றுருளைக்குப் போகாமல், போட்ட வரிசையிலேயே அடுக்காகும். பழுது பார்க்க வைத்த வழி அது. போன மாதம்தான் அதற்கு ஒரு விதி போட்டிருந்தார்கள். ஐந்நூறு பேர் சேர்ந்து மனுக் கொடுத்தால், தாங்கள் விரும்பும் வரிசையில் தங்களுக்கென்று தனி அடுக்குப் போட்டுக்கொள்ளலாம். பழைய தாள்களை ஒப்படைக்க வேண்டும். அவை கூழாக்கிக்குப் போகும்.

முனீஸ்வரி சோலைமலைக்கு முன்னால் வந்து நின்றாள். இவர் தாள் கூழானால் அவள் தாளுக்கு ஆயுசுக்கும் சாட்சி கிடையாது.

"அண்ணாச்சி, நான் முனீஸ்வரி. உங்க கீழ்த்தாள். நாலு தடவை போன் பண்ணினேன்."

"ஓ, நீதானா அது?" அவர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பாப்போம்மா. இந்த வாரம் சங்க வேலை தலைக்கு மேல கிடக்கு."

"நாளைக்கு உங்க தாள் கூழாயிரும். அப்புறம் பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

"கூப்பிட்டா முப்பது நாளுக்குள்ள வரணும்னுதான விதி? இன்னும் இருபத்தாறு நாள் இருக்குல்ல எனக்கு?" குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காத பாப்பா. கவுண்டர்ல நின்னா, கூட நிக்கிறது யாரு எவருன்னு நாலு பேரு கேப்பாக. நம்ம சனம்னா பேச்சே இல்ல பாரு. அதுக்குத்தான் இந்தச் சொந்த அடுக்கே."

"உங்க முதுகுல என் மை ஏழு வருசமா ஒட்டிக்கிட்டிருக்கு அண்ணாச்சி. உங்களுக்கு அரிச்சுதா?"

பூமிநாதன் இருமினார். ரோஸ்லின் தன் ஊட்டியை வேண்டுமென்றே சத்தமாக ஓடவிட்டாள்.

சோலைமலை சிரித்து மழுப்பிவிட்டுப் பட்டியலை நீட்டினார். ஐந்நூறு பெயர்கள். முதல் பெயர் அவருடையது. இரண்டாவது அவர் தம்பி அழகுமலை. மூன்றாவது அழகுமலையின் மருமகன். அப்படியே சித்தப்பன், மச்சான், சகலை என்று இறங்கிக்கொண்டே போனது.

"தலையில இருக்கிற தாளுக்கு ஒரு சாட்சிதான் கிடைக்கும் அண்ணாச்சி. நடுவுல எங்கயாவது வந்தா ரெண்டு," என்றாள் முனீஸ்வரி. பிடிக்காத ஆளுக்கும் இயந்திரத்தைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிடுவது அவளுடைய வியாதி.

"தலைவர் நடுவுல கிடக்குறதா? நல்லா இருக்கு. ஒரு சாட்சின்னாலும் அது என் கூடப் பொறந்தவன். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான்."

அவர் போன பிறகு ரோஸ்லின் அருகில் வந்தாள். "ஏடி, புரட்டியப் பத்திச் சொல்லலையா?"

"கேட்டாரா? கேக்கலைல்ல?"

அடுக்கு புரட்டியில் கவிழும்போது தலையில் போன தாள் அடிக்குப் போகும். ரோஸ்லினுக்குப் புரை ஏறும்வரை சிரிப்பு. முனீஸ்வரியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

புதன்கிழமை சான்றச்சாலை முற்றம் திருவிழாபோல் ஆகிவிட்டது. சங்கத்துக்காரர்கள் ஒன்றை மறந்திருந்தார்கள். ஒப்படைப்பதென்றாலும் தாள் அசல்தானா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். போலியை ஒப்படைத்துவிட்டு அசலை வீட்டில் ஒளித்து வைத்தால்? ஆகவே ஐந்நூறு பேரும் கடைசியாக ஒரு தடவை தங்கள் மேல்தாளையோ கீழ்த்தாளையோ வரவழைக்க வேண்டியிருந்தது. விடிந்ததிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். கொல்லிமலையிலிருந்து ஒரு பெரியவர் பலாப்பழத்தோடு வந்தார். திருப்பூரிலிருந்து வந்த பனியன் கம்பெனிப் பெண், சங்கத்து வாத்தியார் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நம்மளுக்குள்ள ஒண்ணுமில்லீங்களா சார்?" என்று கேட்டாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேரணாம்பட்டுத் தோல்பட்டறைக்காரர் யாரிடமும் பேசாமல் தாளை நீட்டி, பச்சை விளக்கு எரிந்ததும், "சரி பாய், நல்லா இருங்க," என்று சங்கத்துக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று பஸ்ஸுக்கு நடந்தார். 'பாய்' என்று அழைக்கப்பட்டவர் பரம்பரைக் கோயில் தர்மகர்த்தா.

ஒப்படைப்பு மேசையில் முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பூமிநாதனிடம் கேட்டு வாங்கிய இடம் அது.

மதியம் ஒரு மணிக்கு மேசையெதிரே சோலைமலை வந்து நின்றார். முகம் வியர்த்திருந்தது. அவருடைய மேல்தாள், ஒரு தொண்டி மீனவர், அதிகாலையில் படகேறிவிட்டார். கடலுக்குள் போன் எடுக்காது. திரும்பிவர மூன்று நாளாகும். தலைவரின் தாள் இல்லாமல் அடுக்கு ஓடாது. ஓடாவிட்டால் ஐந்நூறு பேரின் மனுவும் காலாவதி.

"பாப்பா..." என்றார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"உன் தாளு... கையில இருக்கா?"

"முப்பது நாள் டைம் இருக்குல்ல எனக்கு?" என்றாள் முனீஸ்வரி.

அவர் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திட்டத்தான் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள். அவர் துண்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். அந்த நிற்பைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. இத்தனை நாளாகத் தானும் இதே மாதிரிதானே நிற்கிறோம் என்று தோன்றியது.

மேசை டிராயரைத் திறந்தாள். காலையிலிருந்தே தயாராக இருந்த தன் பட்டத்தை எடுத்தாள். நிழல்காணியின் கீழ்த்தட்டில் தன் தாளை வைத்து, அதன்மேல் அவர் தாளை வைத்து மூடினாள். பச்சை.

"ஒரு பொருத்தத்துக்கு ரெண்டு முத்திரை சார்," என்று பூமிநாதனைக் கூப்பிட்டாள். "ஒண்ணு அண்ணாச்சி ஒப்படைப்புக்கு. இன்னொண்ணு என் வேலைக்கு."

பூமிநாதன் இரண்டையும் ஓங்கிக் குத்தினார்.

வியாழக்கிழமை சிவப்புப் பிடியை இழுத்தது அவள் கைதான். ஐந்நூறு புதுத் தாள்கள் உறிஞ்சுகுழலில் ஏறி, பட்டையில் ஓடி, வரிசை குலையாமல் அடுக்காயின. உருளைக் காற்றை ஒரு விநாடி திறந்துவிட்டால் போதும், அண்ணன் தம்பி சகலை எல்லாரும் பிய்ந்து பறந்திருப்பார்கள். அவள் திறக்கவில்லை. கோபம் வேறு, வேலை வேறு. ஊட்டிக்கு முன்னால் நின்று பொய் செய்வதில்லை என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. புரட்டி கவிழ்க்கும்போது மட்டும் ரோஸ்லினைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அதற்குப் பிறகான ஒரு வருடம் முனீஸ்வரிக்கு நல்ல வருடம். பொறுப்பாளர் நாற்காலி கிடைத்தது. அம்மாவைத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து நிறுத்தினாள். முதல் மாதம் அம்மா வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஊதுபத்திகளை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்தாள். ஒரு குறைதான். முனீஸ்வரியின் தாளுக்கு இப்போது சாட்சி இல்லை. சோலைமலையின் பழைய தாள் கூழாகி முட்டை அட்டையாகவும் ஆகியிருக்கும். அவளைப் போல் சங்கத்துக்காரர்கள் விட்டுப்போனதால் சாட்சியில்லாமல் நின்றவர்கள் எழுபத்தெட்டுப் பேர். ஒப்படைப்புப் பதிவேட்டில் பெயர் இருந்ததால் அவர்கள் தாளைச் சாட்சியில்லாமலே வாங்கிக்கொள்வார்கள், ஆனால் ஐந்நூறு பேர் சேர்ந்தால்தான் மறு அச்சு. அந்த எழுபத்தெட்டு எழுபத்தெட்டாகவே நின்றது.

அந்த வருடம் ஆவணி மாதம் சங்கம் தன் கல்யாண மண்டபத்தில் சொந்த அடுக்கின் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. வாசலில் ஐந்நூறு பெயரையும் அடுக்கு வரிசைப்படி பெரிய பிளெக்ஸில் போட்டிருந்தார்கள். பந்தியில் யாரோ ஒரு மாமன் முறைக்காரர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "என்ன அழகுமல, ஆயுசுக்கும் அண்ணனுக்கு அடியிலதானா?" என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். அழகுமலை இலையை மூடி எழுந்தார். பிளெக்ஸைக் கிழித்தார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தார். மருமகன் மாமனார் பக்கம் நின்றான். மருமகனுக்குக் கீழே இருந்தவர் அண்ணன் பக்கம் நின்றார். சாயங்காலத்துக்குள் ஏழு ஊரும் இரண்டாகிவிட்டது. அந்நியனிடம் இரண்டு வார்த்தை முறைத்துப் பேசிவிட்டாலும் மறுநாள் போனில் பேசிக்கொள்ளலாம். சொந்தக்காரன் கோபித்தால் அது பேரன் காலம்வரை ஓடும். ஐந்நூறு தாள் அடுக்கு நாற்பது இடத்தில் உடைந்தது. ஒருவன் சித்தப்பனிடம் பேசாததால் அரசு வேலையை இழந்தான். ஒருத்தியின் நாத்தனார் தாளை எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே கொடைக்கானல் போய்விட்டாள், அதனால் கல்யாணப் பதிவு நின்றது. சோலைமலை நகர்மன்றத் தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்யப் போனார். ஒரே சாட்சியான தம்பி வரவில்லை. பட்டத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார். அடுத்த வாரமே அழகுமலைக்கு ஏதோ பத்திரம் பதிய வேண்டி வந்தது. அண்ணனும் போகவில்லை, மூன்றாம் தாளான மருமகனும் அதற்குள் மகளோடு சண்டை போட்டுத் தனியே போயிருந்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் அண்ணனும் தம்பியும் சான்றச்சாலைக்கு வந்தார்கள். ஒரே காரில் இல்லை. கூடத்தின் இரண்டு வாசல் வழியாக இரண்டு பேரும் வந்து, முனீஸ்வரியின் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"அடுக்க மாத்திப் போடணும்," என்றார் சோலைமலை, சுவரைப் பார்த்து. "ஐந்நூறு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. எனக்கும் இவனுக்கும் நடுவுல ஒரு தாள் வரணும்."

"இவரு தாளு என் தாளத் தொடக் கூடாது," என்றார் அழகுமலை, ஜன்னலைப் பார்த்து.

"நடுவுல வேற சொந்தக்காரரைப் போடுங்க."

"எல்லாப் பயலும் ஏதாவது ஒரு பக்கம் நிக்கான். எந்தப் பக்கமும் சாயாத ஆளு ஏழூர்லயும் இல்ல." சோலைமலை தொண்டையைச் செருமினார். "நீ ஒருத்திதான் ரெண்டு பேருகிட்டயும் ஒரே மாதிரி பேசுற."

"ஒரே மாதிரி திட்டுது," என்று திருத்தினார் அழகுமலை.

ரோஸ்லின் தன் ஊட்டியை நிறுத்திவிட்டாள். இதைக் கேட்காமல் தாள் ஓட்டுவது எப்படி?

முனீஸ்வரி நாற்காலியில் சாய்ந்தாள். "நாலு பேரு கேப்பாகளே அண்ணாச்சி, கூட நிக்கிறது யாருன்னு?"

சோலைமலை மறுபடி சுவரைப் பார்த்தார். அழகுமலைதான், "கேட்டா கேக்கட்டும்மா. பதிவாபீஸ்ல எங்களுக்குப் பச்சை எரியுதான்னுதான் இப்பக் கேக்கான்," என்றார்.

"சரி. நடுவுல நான் வாரேன். மூணே மூணு தாளை நேர்வாய் வழியா விடுறேன். உங்க மத்த நானூத்துத் தொண்ணூத்தெட்டுப் பேரும் காத்துக்குப் போகணும். நீங்க அம்போன்னு விட்டுட்டுப் போனீங்களே எழுபத்தெட்டுப் பேரு, அவுகளோட கலந்துதான் போகணும். சம்மதம்னா எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார்கள். இருவரும் தனித்தனிப் பேனாவில்.

"மேல யாரு?" என்று திடீரென்று கேட்டார் அழகுமலை.

"அதான பாத்தேன்," என்றாள் ரோஸ்லின்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் முனீஸ்வரி. "இந்த லைன்ல புரட்டின்னு ஒண்ணு இருக்கு. அடுக்கைத் தலைகீழாக் கவுத்தும். போன தடவை அண்ணாச்சி தலையில போனாரு. வெளிய வரும்போது கடைசி."

சோலைமலையின் வாய் திறந்தபடி நின்றது. அழகுமலை ஒரு நிமிடம் விரலை மேலும் கீழுமாக ஆட்டிக் கணக்குப் போட்டார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அப்ப, சண்டை போட்ட அன்னிக்கு... நான்தான் இவருக்கு மேலயா?"

"ஆமா."

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் சுவரைப் பார்த்தே நின்றார். அவர் தோளும் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முனீஸ்வரிக்குத் தெரியவில்லை. சிரித்து முடித்த பிறகும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. போகும்போது, "இந்தத் தடவை யாரு மேல?" என்று இருவருமே திரும்பி நின்று கேட்டார்கள்.

"இப்போ ரெண்டு புரட்டி இருக்கு. சில அடுக்கு ஒரு தடவை கவுழும், சிலது ரெண்டு தடவை. உங்களது எதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

மறு அச்சு நல்லபடியாக முடிந்தது. உருளைக் காற்றில் சங்கத்துக்காரர்களும் சங்கம் கைவிட்டவர்களும் ஒன்றாகச் சுழன்று இறங்குவதை முனீஸ்வரி கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தாள். அதைவிட நிறைவான காட்சியை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வாத்தியாருக்கும் திருப்பூர்ப் பெண்ணுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைத்ததா என்று தேடினாள். கிடைக்கவில்லை. காற்று யாருக்கும் சலுகை காட்டாது. வாத்தியாருக்குப் புதிதாகப் பலாப்பழக்காரர் கிடைத்தார்.

அவளுக்குத்தான் வேலை கூடிப்போயிற்று. அண்ணன் தம்பி இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல் திடீரென்று ஊரில் இல்லாத பதிவெல்லாம் முளைத்தது. செவ்வாய்தோறும் ஒருவர் அழைத்தார், வியாழன்தோறும் இன்னொருவர். தாள் விடுப்பு முழுவதும் தீர்ந்தது. "அவன்கிட்டச் சொல்லிரும்மா, அம்மா திதி வர்ற திங்கக்கிழமை," என்பார் அண்ணன். "அவருகிட்டச் சொல்லும்மா, எனக்குத் தெரியும்னு," என்பார் தம்பி. அண்ணன் வீட்டிலிருந்து சீடை வந்தால் மறுநாள் தம்பி வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. முனீஸ்வரி இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே இரண்டையும் தின்றாள். அம்மா சீடையை ஒரு டப்பாவிலும் முறுக்கை ஒரு டப்பாவிலும் வரிசையாக அடுக்கினாள்.

தை மாதம் அரசுக் குடியிருப்பில் முனீஸ்வரிக்கு வீடு கிடைத்தது. மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த ஜன்னல். சாவி வாங்க பட்டச் சான்றைச் சரிபார்க்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். ஒருவரைக் கூப்பிட்டால் அடுத்தவர் முகத்தைத் தூக்குவார். கடைசியில் இருவருக்கும் ஒரே நிமிடத்தில் ஒரே செய்தியை அனுப்பினாள்.

காலை ஒன்பது மணிக்குக் கவுண்டர் திறக்குமுன்னே இருவரும் வந்திருந்தார்கள். சோலைமலை புது வேட்டி. அழகுமலை இஸ்திரி போட்ட சட்டை. யார் முதலில் வந்தது என்று வாட்ச்மேனிடம் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

"ஒருத்தர் போதுங்க," என்றார் கவுண்டர் குமாஸ்தா.

"அப்ப நான்," என்றார்கள் இருவரும்.

குமாஸ்தா பெருமூச்சு விட்டு ஆளுக்கொரு படிவத்தைத் தள்ளினார். நிரப்பிக் கொடுத்ததை வாங்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "என்னம்மா இது? ரெண்டு பேருமே 'மேல்தாள்'னு டிக் அடிச்சிருக்காங்க. ஒருத்தருக்கு எப்படி ரெண்டு மேல்தாள்?"

"அது அப்படித்தான். நீங்க விளக்கைப் பாருங்க."

மூன்று தாளும் நிழல்காணிக்குள் போயின. அவளுடையது நடுவில். ஒரு பச்சை. இன்னொரு பச்சை. அதன் கீழே திரையில், எந்தத் தாளின் மை எந்தத் தாளின் முதுகில் ஏறியிருக்கிறது, யார் மேல், யார் கீழ் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடி வந்து நிற்கும். அந்த இயந்திரத்தால் பொய் சொல்ல முடியாது. பொய்யே இருக்கக் கூடாது என்றுதான் அதைச் செய்தார்கள். இரண்டு நரைத்த தலைகளும் அந்த வரியைப் படிக்க ஒரே நேரத்தில் குனிந்தன.

ஊட்டிக்கு முன்னால் ஒருநாளும் பொய் செய்யாத முனீஸ்வரி, உள்ளங்கையை விரித்து அந்த வரியை மூடிக்கொண்டாள்.

"கையை எடும்மா," என்றார் சோலைமலை.

"எடுக்க மாட்டேன்."

"எம்புட்டு நேரம் வச்சிருப்ப?" என்றார் அழகுமலை.

"நீங்க ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும்," என்றாள் அவள். "சார், சாவியை இந்தக் கையில குடுங்க."